முப்பத்தொன்பதாவது கடிதம்

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு லாக்-அவுட் டீச்சர் என்று பெயர். பிள்ளைகள் வைத்த பெயர்தான், ஆனால் அவள் பக்கத்தில் இல்லாதபோது மற்ற ஆசிரியர்களும் அப்படியே சொல்வார்கள். அது அவளுக்குத் தெரியும். மணி அடித்ததும் கம்ப்யூட்டர் லேப் வாசலில் போய் நின்றுகொள்வாள். ஒவ்வொரு பிள்ளையிடமும் "லாக்-அவுட் பண்ணியாச்சா?" என்று கேட்டு, ஆச்சு என்ற பதில் வந்த பிறகுதான் வழிவிடுவாள். பதினொரு வருஷமாக இது ஒரு நாளும் தவறியதில்லை.

லேப்பில் இருபத்துநாலு கம்ப்யூட்டர்கள் இருந்தன. அவற்றில் ஓடியவை பதினேழு. மற்ற ஏழும், ஓடுகிறவற்றுக்கு மவுஸும் கீபோர்டும் தானம் கொடுத்துவிட்டு மூலையில் கிடந்தன. சுவரில் அவள் கைப்பட எழுதி ஒட்டிய பத்து விதிகள். எதையும் படிக்காமல் ஓகே கொடுக்காதே என்று ஒன்று. அடுத்தவர் ஃபைலில் கை வைக்காதே, சொல்ல வேண்டியதை ஓரத்தில் கமெண்டாகச் சொல் என்று ஒன்று. தப்பு நடந்துவிட்டால் மறைக்காதே, முதலில் வாயைத் திறந்து சொல் என்பது கடைசி.

போன வருஷம் வரை பிள்ளைகள் பென்டிரைவில்தான் வேலையைச் சேமித்தார்கள். பாதிப் பேருடைய பென்டிரைவ் தொலையும். மீதிப் பேருடையது கால்சட்டைப் பையோடு துவைபடும். இந்த வருஷம் அவள் எல்லாரையும் கிளவுடுக்கு மாற்றினாள். வகுப்புக்கு ஒரு பொது ஃபோல்டர் திறந்து, அதற்குள் இருக்கும் எதையும் வகுப்பில் எல்லாரும் பார்க்கலாம், கமெண்ட் போடலாம் என்று அமைத்தாள். "இனிமே 'டீச்சர், வீட்டுல வச்சுட்டு வந்துட்டேன்'ங்கிற பேச்சே இருக்கக் கூடாது. வீட்டுலயும் இருக்கும், இங்கயும் இருக்கும், எங்க இருந்து கேட்டாலும் வரும்" என்றாள். பிள்ளைகளுக்கு இது ஒரே வாரத்தில் பழகிவிட்டது.

தலைமையாசிரியருக்குத்தான் பழகவில்லை. அவர் எதையும் காகிதத்தில் பார்த்து, முத்திரை குத்தி, அலமாரியில் பூட்டினால்தான் அது நடந்ததாக ஒப்புக்கொள்கிறவர். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் ஒரு திங்கட்கிழமை காலை அவரிடமிருந்து அவளுக்கு மெமோ வந்தது. மாணவர்களின் படைப்புகள் பள்ளியின் சொத்து என்றும், அவற்றை அவள் ஏதோ மேகத்தில் வைத்திருப்பதாகத் தெரிய வருகிறது என்றும் அதில் இருந்தது. அந்த மேகம் பள்ளி வளாகத்துக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? வெளியே என்றால், யாருடைய அனுமதியின் பேரில் பள்ளிச் சொத்து வெளியே கொண்டுசெல்லப்பட்டது? ஒரு வாரத்துக்குள் எழுத்துமூலம் விளக்கம் தரவும்.

அவள் அதை இரண்டு முறை படித்தாள். சிரிப்பு வந்திருந்தால் தப்பித்திருப்பாள். வரவில்லை. பதினொரு வருஷமாகச் சேர்த்து வைத்த எரிச்சல் எல்லாம் ஒன்றாகத் திரண்டது. மத்தியான இடைவேளையில் டிஃபன் டப்பாவைத் திறக்காமல், லேப்பின் முன்வரிசைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ராஜினாமா கடிதத்தை அடித்தாள். நிர்வாகச் செயலாளருக்கு, தலைமையாசிரியர் வழியாக. மேகம் எங்கே இருக்கிறது என்று விளக்கம் கேட்கும் இடத்தில் இனி என்னால் பணியாற்ற இயலாது என்று ஒரு வரி. ஓடாத கம்ப்யூட்டர்களைப் பற்றி ஒரு பத்தி. கடைசியில் தன் பெயர், பதவி.

கடைசி வரியில் முற்றுப்புள்ளி வைக்கும்போது மணி அடித்தது. மாடியில் பரீட்சை மேற்பார்வைக்கு ஓட வேண்டும். அப்படியே எழுந்து ஓடினாள். அவள் லாக்-அவுட் செய்யவில்லை. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. காலை வகுப்பில் அவள் எட்டாம் வகுப்பின் 'கடிதப் பயிற்சி' ஃபோல்டரைத் திறந்து வைத்திருந்தாள். கடிதத்தை அந்த ஃபோல்டருக்குள் இருந்தபடியேதான் புதிதாக ஆரம்பித்திருந்தாள். பிள்ளைகள் முப்பத்தெட்டுப் பேரும் விடுமுறை கேட்டும் நூலகத்துக்குப் புத்தகம் கேட்டும் எழுதிய முப்பத்தெட்டுக் கடிதங்களோடு அதுவும் போய்ச் சேர்ந்தது.

புதன்கிழமை எட்டாம் வகுப்புக்கு லேப். அவள் புரொஜெக்டரைப் போட்டு ஃபோல்டரைத் திறந்தாள். ஒருவர் கடிதத்தை மற்றவர் படித்துக் கமெண்ட் போடுவது அந்த வாரப் பாடம். வரிசையின் உச்சியில், அதிகமான கமெண்ட் பெற்ற கடிதமாக, அவளுடைய கடிதம் இருந்தது. முப்பத்தொரு கமெண்டுகள்.

அவள் மவுஸை எடுத்து அதை மூடப் போனாள். முன்பெஞ்சில் இருந்த சிறுமி எழுந்தாள். ஊரில் யார் என்ன எழுதினாலும் நிறுத்தக்குறி பார்க்கிறவள் என்பதால் வகுப்பில் அவளுக்குக் கமா என்று பெயர்.

"டீச்சர், நீங்க மாதிரிக் கடிதமா ஒண்ணு போட்டிருக்கீங்கல்ல, அதுல நிறைய தப்பு வேணும்னே வச்சிருக்கீங்க. நாங்க எல்லாத்தையும் கண்டுபிடிச்சிட்டோம்."

வகுப்பே பெருமையோடு அவளைப் பார்த்தது. 'ஆமாம், வேண்டுமென்றேதான் வைத்தேன்' என்று சொல்வதைத் தவிர அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

"ஆமா, வேணும்னேதான் வச்சேன். ஒவ்வொண்ணா பார்ப்போம்" என்றாள்.

முதல் கமெண்ட் கமா எழுதியது. "இந்த ஆசிரியை கோபத்தில் எழுதியிருக்கிறார். கோபத்தில் எழுதியதை ஒரு நாள் கழித்துப் படித்துப் பார்க்க வேண்டும் என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள்." அதற்குக் கீழே இன்னொருவன்: "மேகம் பற்றிய வரி கற்பனை நன்றாக இருக்கிறது. ஆனால் நம்பும்படி இல்லை. எந்தப் பள்ளியிலும் மேகத்துக்கு மெமோ கொடுக்க மாட்டார்கள். எடுத்துவிடலாம்."

"எடுத்துடலாமா டீச்சர்?" என்று வகுப்பு கேட்டது.

"எடுத்துடலாம்" என்றாள். சரி என்று அழுத்தியதும் அந்த வரி போயிற்று.

பாடம் முடிய எத்தனை நிமிஷம் இருக்கிறது என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பதால் டைமர் என்று பெயர் வாங்கிய ஒருவன் இருந்தான். அவன் அன்று கடிகாரத்தை மறந்துவிட்டான். "பத்தொன்பது கம்ப்யூட்டர் ஓடுதுன்னு போட்டிருக்கு டீச்சர். அது போன மாசக் கணக்கு. இப்போ பதினேழு" என்றான். பதினேழு என்று திருத்தினாள். ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர், சிலதில் மூன்று பேர் என்று எழுத வேண்டும் என்றது நடுவரிசை. ஒன்பதாம் நம்பர் கீபோர்டில் ஸ்பேஸ் கட்டை இல்லை, அதில் அடிக்கிறவன் எழுதுவதெல்லாம் ஒரே சொல்லாக வருகிறது, அதையும் சேர்க்க வேண்டும் என்றான் அதில் உட்கார்கிறவன். சேர்த்தாள். இப்படியெல்லாம் இருந்தும் பிள்ளைகள் ஒரு ஃபைலைக்கூடத் தொலைக்கவில்லை என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு மரியாதை வரும் என்று சொன்னது யார் என்று அவளுக்கு நினைவில்லை. ஆனால் அதை அடிக்கும்போது கண் லேசாகக் கலங்கியது.

நாற்பது நிமிஷத்தில் கடிதம் வேறு கடிதமாகிவிட்டது. கோபம் இல்லை, குத்தல் இல்லை. என்ன இருக்கிறது, என்ன இல்லை, எதனால் போகிறேன் என்று பளிச்சென்று நான்கு பத்திகள். பதினொரு வருஷத்தில் அவள் எழுதிய எந்தக் கடிதமும் இவ்வளவு நன்றாக இருந்ததில்லை.

அன்று மாலை வீட்டில் கணவனிடம் சொன்னாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். பாதி வழியில் நின்றுபோன பெட்டிக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசிப் பழகியவன் என்பதால் எதற்கும் பதறமாட்டான்.

"அப்ப ராஜினாமா பண்ணலையா?" என்றான்.

"இல்லைங்க. இந்தப் பிள்ளைங்கள விட்டுட்டு எங்க போறது? ஃபைலை நாளைக்கு அழிச்சிடறேன்."

"இப்பவே அழிச்சிடேன். போன்லயே முடியும்னு நீதானே சொல்வே."

"உடனே அழிச்சா சந்தேகம் வரும். அவங்க வீட்டுப்பாடமே அதைப் பார்த்து எழுதுறதுதான்."

அவன் தோளைக் குலுக்கிவிட்டுக் கை கழுவப் போனான்.

மறுநாள் பரீட்சை வேலையில் அவளுக்கு அது மறந்தே போனது. வெள்ளிக்கிழமை தலைமையாசிரியருக்கு ஒரு செய்தி வந்தது. அடுத்த வாரம் ஆய்வுக்கு வருகிறார்கள், பிள்ளைகள் கிளவுடில் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பார்கள். அவர் உடனே முடிவெடுத்தார். எட்டாம் வகுப்பின் 'கடிதப் பயிற்சி' ஃபோல்டரில் இருப்பது அத்தனையையும் அச்செடுத்து, ஆசிரியை கையெழுத்தும் தன் கையெழுத்தும் போட்டு, ஒரு கோப்பாகக் கட்டி மேசைமேல் வைக்க வேண்டும். வேலை எழுத்தர் அக்காவிடம் போனது. அந்த அக்கா மேசையில் ஒரு காகிதம் ஒரு ராத்திரி தங்கியதாகச் சரித்திரம் இல்லை. மத்தியானத்துக்குள் முப்பத்தொன்பது கடிதங்களும் சுடச்சுட வந்துவிட்டன.

அதே நேரத்தில் லாக்-அவுட் டீச்சர் மெமோவுக்கான விளக்கத்தையும் எழுதி முடித்திருந்தாள். மேகம் என்பது ஒரு பெயர் மட்டுமே, அது வானத்தில் இல்லை என்று ஒரு பக்கத்துக்கு மரியாதையாக எழுதியிருந்தாள். எழுத்தர் அக்கா கடிதக் கட்டோடு லேப் வாசலுக்கு வந்தபோது ஒன்பதாம் வகுப்பு உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. ஒருவன் பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்றான். இன்னொருவன் மானிட்டரில் கோடு விழுகிறது என்றான்.

"எல்லாத்துலயும் ஒரு கையெழுத்து, கீழே இந்த மூலையில" என்றார் அக்கா.

அவள் நின்றபடியே, கடிதக் கட்டைக் கதவில் சாய்த்து வைத்துக்கொண்டு, ஒரு கண்ணை வகுப்பின்மேல் வைத்து, முப்பத்தொன்பது கையெழுத்துப் போட்டாள். விளக்கக் கடிதத்தையும் அதோடு சேர்த்துக் கொடுத்தாள். சாயங்காலம் தாழ்வாரத்தில் அக்கா எதிரே வந்தார்.

"உங்க லெட்டரையும் அனுப்பிட்டேன். படிச்சுப் பார்த்தேன், ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. எனக்கே மனசுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு."

மேகத்தைப் பற்றிய விளக்கம் ஒருவரை இவ்வளவு உருக்குமா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. "நன்றிக்கா" என்றாள்.

ஆய்வு நல்லபடியாக முடிந்தது. வந்தவர்கள் கோப்பின் கனத்தைத் தூக்கிப் பார்த்து மெச்சிவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம் அவளைத் தலைமையாசிரியர் அறைக்குக் கூப்பிட்டார்கள். அவர் முகம் ஒரு மாதிரியாக இருந்தது. எழுத்தர் அக்கா அலமாரிப் பக்கம் நின்றார். மேசைமேல் நிர்வாகக் குழுவின் ஆணை. முதல் பத்தி: கணினி ஆசிரியையின் ராஜினாமா வருத்தத்துடன் ஏற்கப்படுகிறது, மாதக் கடைசியில் விடுவிக்கப்படுவார். இரண்டாம் பத்தி: கடிதத்தில் இவ்வளவு தெளிவாக எடுத்துக்காட்டப்பட்ட குறைகளைக் கருதியும், மேற்படி காலியிடத்துக்குப் புதிதாக வருபவர் இதே காரணத்தால் விலகாமல் இருக்கும்பொருட்டும், இருபத்துநாலு புதிய கம்ப்யூட்டர்கள் வாங்க அனுமதி வழங்கப்படுகிறது.

ஆணையோடு கடிதத்தின் நகல். கீழே அவள் கையெழுத்து. அதற்குப் பக்கத்தில், 'பரிந்துரைத்து அனுப்பப்படுகிறது' என்ற முத்திரைமேல் தலைமையாசிரியர் கையெழுத்து. அக்கா அன்று படித்து உருகியது இந்தக் கடிதத்தை என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"நீங்க போறது எங்களுக்குப் பெரிய இழப்பு" என்றார் அவர், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. "நான் நல்லா படிச்சு, யோசிச்சுத்தான் கையெழுத்துப் போட்டேன்."

சொல்லிவிட்டிருக்கலாம். 'சார், நான் படிக்காமல் போட்டேன்' என்று நான்கு சொல்தான். ஆனால் அந்த அறையிலிருந்து பார்த்தால் லேப் சுவரும், அதில் அவள் ஒட்டிய விதிகளும் தெரிந்தன.

"நானும் யோசிச்சுத்தான் போட்டேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் எட்டாம் வகுப்புக்கு லேப். செய்தி அதற்குள் கசிந்திருந்தது. பிள்ளைகள் கம்ப்யூட்டரைக்கூடத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். கமாதான் எழுந்தாள்.

"டீச்சர், அது மாதிரிக் கடிதம் இல்லையா?"

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அங்கே உட்கார்ந்து அவள் பாடம் நடத்தியதே கிடையாது.

"இல்ல. நிஜமாவே எழுதினது. கோபத்துல எழுதினேன். எந்த ஃபோல்டர்ல இருக்கேன்னு பார்க்கல. லாக்-அவுட் பண்ணல. நீங்க கேட்டப்ப மாதிரிக் கடிதம்னு பொய் சொன்னேன். அப்புறம் அச்சடிச்சு வந்தப்ப படிக்காம கையெழுத்துப் போட்டேன்."

"அப்போ நாங்கதான் உங்கள அனுப்பி வைக்கிறோமா?" என்றான் டைமர். "நாங்க திருத்தாம விட்டிருந்தா அவங்க ஏத்துக்கிட்டிருக்க மாட்டாங்க."

"நீங்க செஞ்சதுல ஒரு தப்பும் இல்ல. சொல்லிக் குடுத்தத அப்படியே செஞ்சீங்க. நான்தான் செய்யல."

வகுப்பு முடிந்ததும் நேராகத் தலைமையாசிரியரிடம் போனாள். பிள்ளைகளிடம் சொன்னதையே இன்னும் சுருக்கமாகச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"முப்பத்தொன்பது கடிதம்மா. முதல் நாலஞ்சு படிச்சேன். எல்லாம் வயித்துவலி, லீவு வேணும்னு இருந்துச்சு. மிச்சமும் அப்படித்தான் இருக்கும்னு நினைச்சிட்டேன்" என்றார். பிறகு, "வாபஸ் வாங்கிக்கலாம். நானே எழுதித் தரேன்" என்றார்.

அலமாரிப் பக்கமிருந்து எழுத்தர் அக்கா தொண்டையைச் செருமினார். "வாங்கலாம் சார். ஆனா ரெண்டும் ஒரே ஆணை. முதல் பத்தி இருக்கிறதாலதான் ரெண்டாவது பத்தி. காலியிடம் இல்லன்னா கம்ப்யூட்டரும் இல்ல."

மூன்று பேரும் ஆணையை இன்னொரு முறை படித்தார்கள். அக்கா சொன்னது சரிதான்.

அன்று வீட்டில் கணவன் விஷயத்தை முழுக்கக் கேட்டான். "வாபஸ் வாங்கினா நீ இருப்பே, பதினேழு கம்ப்யூட்டர் இருக்கும். வாங்கலன்னா இருபத்துநாலு வரும், நீ இருக்க மாட்டே" என்று எண்ணிச் சொன்னான்.

"பதினேழுன்னு சொல்லாதீங்க. இன்னைக்குக் காலையில இன்னொண்ணு போயிடுச்சு."

"அப்ப என்ன பண்ணப் போறே?"

"அந்தக் காலியிடத்துக்கு விளம்பரம் குடுக்கப் போறாங்க. நானே மனுப் போடப் போறேன்."

அவன் அவளையே பார்த்தான். "பதினொரு வருஷ சர்வீஸ் போயிடும். புதுசா சேர்ந்தவங்க மாதிரி அடிமட்டத்துல இருந்து ஆரம்பிக்கணும். அவ்வளவு பெரிய மனசா உனக்கு?"

"மனசெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. எவளோ ஒருத்தி வந்து அந்தப் புதுக் கம்ப்யூட்டர்ல உக்காந்து என் பிள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கப் போறான்னு நினைச்சா வயிறு எரியுது. அதான்."

அது அவனுக்குப் புரிந்தது. சிரித்துவிட்டு, மனுவை எழுதி முடித்தால் தனக்கும் ஒரு முறை படிக்கக் கொடுக்கச் சொன்னான்.

மாதக் கடைசியில் அவளை விடுவித்தார்கள். பிரிவு உபசாரத்தில் ஒரு சுவர்க்கடிகாரமும் இரண்டு சொற்பொழிவும் கிடைத்தன. மறுநாள் காலை மனுவோடு போனாள். முந்தைய நிறுவனத்திடமிருந்து அனுபவச் சான்றிதழ் வேண்டும் என்றார் எழுத்தர் அக்கா. "அந்த முந்தைய நிறுவனம் இதுதானேக்கா" என்றாள். "அது எனக்குத் தெரியுது, ஃபாரத்துக்குத் தெரியாதே" என்று சொல்லி, அவரே சான்றிதழை அடித்து, அவரே வாங்கிக்கொண்டு, பெற்றுக்கொண்டதற்கு ரசீதும் கொடுத்தார்.

இன்னும் ஒருவர் மனுப் போட்டிருந்தார். கல்லூரி முடித்து இரண்டு வருஷமான பெண், கெட்டிக்காரி. நேர்காணலில் அந்தப் பெண் பத்து நிமிஷத்தில் வெளியே வந்தாள். இவளுக்கு ஐம்பது நிமிஷம் ஆயிற்று. தலைமையாசிரியர் மனுவை முதல் எழுத்திலிருந்து வாய்விட்டுப் படித்ததுதான் காரணம். போன் நம்பரைக்கூட ஒவ்வொரு இலக்கமாகப் படித்து, "சரிதானே?" என்று அவளிடம் கேட்டுக்கொண்டார். குழுவிலிருந்து வந்த செயலாளருக்குக் கொட்டாவி வந்தது. அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "போன வேலைய ஏன் விட்டீங்க?"

அவள் உண்மையையே சொன்னாள். ஃபோல்டர், மணி, மாடிப்படி, கையெழுத்து, எல்லாம். செயலாளரின் கொட்டாவி பாதியில் நின்றது.

"அந்தக் கடிதத்த நீங்க எழுதலையா?"

"நான் எழுதினது சுமார்தான் சார். நல்லா இருக்கிறதெல்லாம் எட்டாம் வகுப்பு எழுதினது."

வேலை அவளுக்குக் கிடைத்தது. ஒரு வருஷத் தகுதிகாண் பருவம் என்று ஆணையில் இருந்தது. புதிதாகச் சேர்பவர் எல்லாரும் 'பள்ளிக் கணினிகளைப் பொறுப்புடன் பயன்படுத்துதல்' என்ற இரண்டு நாள் பயிற்சிக்குப் போக வேண்டும் என்றும் இருந்தது. போனாள். பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தாள். பயிற்சி நடத்திய இளைஞர் கடைசியில் ஒரு கேள்வித்தாள் கொடுத்தார். இருபதுக்குப் பதினெட்டு வாங்கினாள். எந்த இரண்டு தப்பு என்று கேட்டதற்கு அவர் சொல்லவில்லை.

அவள் திரும்பி வந்த காலை, லேப் வாசலில் பெட்டிகள் இடுப்பளவுக்கு அடுக்கியிருந்தன. எட்டாம் வகுப்பு இரண்டு வரிசையாக நின்றது. புதிய அடையாள அட்டை அவள் கழுத்தில் தொங்கியது. கமா கிட்டே வந்து அதில் இருந்த சேர்ந்த தேதியைப் படித்துப் பார்த்தாள்.

"டீச்சர், நாங்கல்லாம் இந்த ஸ்கூல்ல மூணு வருஷமா இருக்கோம். நீங்க எங்களுக்கு ஜூனியர்."

வரிசையில் சிரிப்பு ஓடியது. அவள் கத்தரிக்கோலை எடுத்து டைமரிடம் நீட்டினாள்.

"சரி சீனியர், முதல் பெட்டியப் பிரிங்க. ஒயர் எல்லாத்தையும் ஒரு பக்கமா வைங்க."